கருப்பர் திருப்பித் தந்த கேட் பாஸ்

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து, கேட்டில் இருக்கும் லாக்கரைத் திறந்து என் போனை எடுத்துப் பார்த்தேன். எங்கள் கம்பெனி பி.ஆர்.ஓ. நாசர் இக்காவிடமிருந்து ஐந்து மிஸ்டு கால். விசா, பாஸ், அரசாங்க ஆபீஸ் என்று கம்பெனிக்காக அலைகிற மலையாளி அவர். சும்மா ஒருமுறைகூட என்னைக் கூப்பிட்டதில்லை.  என்ன விஷயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

திருப்பிக் கூப்பிட்டேன்.

"செல்வம், நாட்டில்நின்னு உன் போலீஸ் சர்டிபிகேட் வந்துட்டு. அதில் ரெண்டு கேஸ் எழுதியிருக்கு. ஒண்ணு குடி, ஒண்ணு கஞ்சா. நீ கையொப்பமிட்ட ஃபாரத்தில் ஒரு கேஸும் இல்லான்னு இருக்கு. இந்த ரெண்டு பேப்பரையும் நான் எங்ஙனே ஒண்ணா வைக்கும்?" என்றார்.

 கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை அப்படியே லாக்கருக்குள் வைத்துப் பூட்டினேன். அன்று நான் சாப்பிடவில்லை. வேலைக்குத் திரும்பிப் போனேன். எல்லாம் போச்சு என்று மட்டும் தோன்றியது. வேலை போச்சு, விசா போச்சு, மானம் போச்சு.

நம் கருப்பர் கோயில் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பூசாரி அண்ணன் கேட்டபோது நான் முதலில் மறுத்தேன். பங்காளிகள் எல்லோரும் படிக்கிற புத்தகத்தில் போய் என் கேஸ் கதையை எழுதுவதா என்று கூச்சமாக இருந்தது. என் மனைவி மீனாள்தான் சொன்னாள்: "ஊருக்கே தெரிஞ்ச கதைதானே. நீங்க எழுதலைன்னா அவுகளா எழுதிக்குவாக. அதுக்கு நீங்களே எழுதிருங்க." அவள் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. அதனால் எழுதுகிறேன். கருப்பர் எனக்குச் செய்ததை மறைத்தால் அதுவும் ஒரு பொய்தான்.

தெரியாத இளையவர்களுக்காக முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, திருப்பத்தூர் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்குள் நேராகப் புகுந்தவன் நான்தான். அண்டா உருண்ட சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுகிற பங்காளிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை. அது முதல் கேஸ். இரண்டாவது சிரிக்கிற மாதிரி இல்லை. குடி பத்தாது என்று கஞ்சாவுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் சட்டைப் பையில் பொட்டலத்தோடு பிடித்தார்கள். கிளைச் சிறையில் பதினோரு நாள் இருந்தேன். பிறகு கோர்ட்டில் அபராதம் போட்டு விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்த அன்று மீனாள் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. நேராக நம் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். கருப்பர் முன்னால் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொண்டால் அதன் பிறகு தொடக்கூடாது என்பது நம் வழக்கம். நம் ஆட்கள் அதிலும் கெட்டிக்காரர்கள். "பொங்கல் வரைக்கும்னு கட்டுங்க பூசாரி", "மச்சான் கல்யாணம் வரைக்கும் போதும்" என்று சாமியிடமே தேதி பேசுவார்கள். நானும் ஆடி வரைக்கும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மீனாள், "தேதி போடாதீங்க அண்ணே, அப்படியே கட்டுங்க" என்றாள். எட்டு வருடம் ஆகிறது. தேதி போடாததால் எனக்கு முடிவு நாளும் கிடையாது.

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நான் சேர்ந்த பட்டணம் கடலுக்கு அப்பால் இருந்தது. ஆறு வருடம் முன்பு அரபு நாட்டில் புஜைராவுக்கு வந்தேன். ஒரு பக்கம் புல்பூண்டு இல்லாத மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வரிசையாக வெள்ளை வெள்ளையாய் எண்ணெய் டேங்குகள். அந்த டேங்குகளைச் சுற்றிச் சாரம் கட்டுகிற கோஷ்டியில் உதவியாளாகச் சேர்ந்து, கருப்பர் புண்ணியத்தில் சார்ஜ்ஹேண்ட் ஆனேன். எட்டுப் பேர் என் சொல்லைக் கேட்டு மேலே ஏறுவார்கள்.

அந்த இடத்துக்குள் போக செக்யூரிட்டி பாஸ் வேண்டும். கழுத்தில் தொங்கும். அது இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே நிற்கிற நாயும் நாமும் ஒன்று. தீப்பெட்டி, போன், சிகரெட் எதுவும் உள்ளே போகாது. திடீர் திடீரென்று ஆளை நிறுத்தி ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். ஆறு வருடத்தில் என்னை எத்தனையோ முறை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறைகூடக் கருவி என்னைக் காட்டிக்கொடுத்தது இல்லை, காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

ஆனால் போன வருடம் பாஸ் புதுப்பிக்க ஒரு புது விதி வந்தது. சொந்த நாட்டிலிருந்து போலீஸ் சர்டிபிகேட் வாங்கித் தர வேண்டும். அதோடு, முன்பு ஏதாவது கேஸ் இருந்ததா என்று ஒரு ஃபாரமும் நிரப்பித் தர வேண்டும். ஃபாரம் முதலில், சர்டிபிகேட் பின்னால். இரண்டும் சேர்ந்ததும் நாசர் இக்கா செக்யூரிட்டி ஆபீஸில் கொடுப்பார்.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்றுதான் நான் இருந்தேன். என் ரூமில் ராம்பிரசாத் பாய் என்று ஒரு பீகார்க்காரர் இருக்கிறார். ஆறு வருடமாக எனக்கு இந்தி கற்றுக் கொடுப்பவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எனக்கு ஒரு வாக்கியம் தயார் செய்து கொடுத்தார். "கேஸ் தா, ஜுர்மானா பர் தியா, கோர்ட் ஸே மாஃபி மில் கயா." கேஸ் இருந்தது, அபராதம் கட்டியாச்சு, கோர்ட்டில் மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கோர்ட் எனக்கு மன்னிப்பெல்லாம் தரவில்லை, அபராதம்தான் போட்டது. ஆனாலும் அந்த மாஃபி என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. குளிக்கும்போதுகூட அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்திக்காரர்களுக்கு மாஃபி என்றால் மன்னிப்பு. இங்கே அரபியில் மாஃபி என்றால் இல்லை. தண்ணி மாஃபி, பஸ் மாஃபி, லீவு மாஃபி என்று நாங்களே நாளுக்கு நூறு தடவை சொல்வோம். இருக்கிறது என்பதற்கு ஃபீ. ஃபீயும் மாஃபியும் தெரிந்தால் போதும், வளைகுடாவில் பாதி வாழ்க்கையை ஓட்டிவிடலாம். இவ்வளவும் தெரிந்த நான்தான் போய் மாட்டிக்கொண்டேன்.

டைப்பிங் சென்டர் என்று இங்கே தெருவுக்கு ஒன்று இருக்கும். அரபி, இங்கிலீஷ் ஃபாரம் எதுவானாலும் அவர்களே கேட்டுக் கேட்டுத் தட்டிக் கொடுப்பார்கள். நாம் கையெழுத்துப் போட்டால் போதும். நான் போனபோது வழக்கமாக இருக்கும் ஹைதராபாத்காரர் இல்லை. சூடான் நாட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். பெயர், பாஸ்போர்ட், கம்பெனி என்று தட்டிக்கொண்டே வந்தவர், தலையைத் தூக்காமல், "போலீஸ் கேஸ்?" என்றார்.

என் நாக்கு உலர்ந்துவிட்டது. பின்னால் நிற்கிறவர்கள் காதில் விழுமே என்று வெட்கம் வேறு. பாடம் பண்ணிய வாக்கியத்தில் ஒரு சொல் முன்னாலிருந்தும் ஒரு சொல் பின்னாலிருந்தும் வந்தன, மற்றதெல்லாம் தொண்டைக்குள் போய்விட்டது.

"கேஸ்... மாஃபி..." என்றேன்.

"தமாம்," என்றார் அவர். நல்லது என்று அர்த்தம். மூன்று எழுத்தைத் தட்டினார்.

இதுவரைக்கும் நடந்தது பிழை. இனி எழுதப்போவதுதான் குற்றம். பங்காளிகளே, அந்த மூன்று எழுத்தை நான் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தச் சொல் எனக்குத் தெரியும். தினமும் வேலை முடிந்ததும் ரிப்போர்ட்டில் விபத்து என்ற கட்டத்தில் நானே என் கையால் எழுதுகிற சொல் அது. நில். ஒன்றும் இல்லை என்று அர்த்தம். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கருப்பரே கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்து 'நில்லுடா' என்று அதட்டிய மாதிரி இருந்தது. நான் நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன், அவர்தானே தப்பாக எழுதினார் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கடையில் ஒரு கரக் சாயாவும் குடித்துவிட்டு ரூமுக்கு வந்தேன்.

என் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் கருப்பர் படம் ஒட்டியிருக்கிறேன். கதவைத் திறந்தால் கோயில், மூடினால் ரூம். அன்றிலிருந்து தினமும் டூட்டிக்குப் போகுமுன் கதவைத் திறந்து, "கருப்பா, சர்டிபிகேட்டில் ஒன்றும் இல்லாமல் வரட்டும், யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்" என்று கும்பிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சாமியையே கூட்டுக்குக் கூப்பிட்ட ஆள் நான். அவர் அந்த வேண்டுதலை நிறைவேற்றவில்லை. இன்றைக்கு நான் நன்றி சொல்வதென்றால் முதல் நன்றி அதற்குத்தான்.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. வேலை முடிந்ததும் நாசர் இக்காவின் ஆபீஸுக்குப் போனேன். இரண்டு பேப்பரையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். வியாழக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும் என்றார். எனக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, நானாகவே பாஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது. அப்படியானால் ஒரு பேப்பரும் எங்கேயும் போகாது. துபாயில் கம்பெனிக்குக் கட்டட வேலை நடக்கிறது, சோனாப்பூர் கேம்பில் இடம் தருவார்கள், மறுபடி உதவியாளாகக் கல் மண் சுமக்கலாம். இன்னொன்று, உண்மையைச் சொல்லுவது. கஞ்சா என்ற சொல்லைக் கேட்டாலே இந்த ஊரில் முகம் மாறிவிடும். அதோடு பொய் ஃபாரமும் சேர்ந்தால் இனி எந்த எண்ணெய்க் கிடங்குக்கும் பாஸ் கிடைக்காது, விசாவையே ரத்து செய்து அனுப்பினாலும் ஆச்சரியமில்லை.

"மூணாவது வழி?" என்றேன்.

"மூணாவது இல்லடா. நான் நோக்கிட்டேன்," என்றார். பாவம், அவருக்கும் முகம் வாடியிருந்தது.

நான் சோனாப்பூர் என்று முடிவு செய்துவிட்டேன். கௌரவம் போகும், சத்தம் போடாமல் போகும். கேம்புக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து மீனாளுக்குப் போன் போட்டேன். டைப்பிங் சென்டர் கதையை அவளிடம் அதுவரை சொல்லவில்லை. அன்று எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் கருப்பரைக் கும்பிட்டும் அவர் கண் திறக்கவில்லை என்று ஒரு புகாரும் சொன்னேன்.

 "கருப்புகிட்ட போயி பொய்யை மூடி வையுன்னா கேட்டீக? அவரு என்ன உங்க கூட்டாளியா?" என்றாள்.

"நான் சொன்னதை அந்த ஆளு தப்பா எழுதிப்புட்டாரு மீனா."

"எழுதினதப் பாத்தீகளா, பாக்கலையா?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

"பாத்திருக்கீக," என்றாள். "இங்க பாருங்க. வேலை போனாப் போகட்டும். எம்புட்டோ பட்டாச்சு, இதையும் பட்டுக்குவோம். ஆனா ஒளிஞ்சுக்கிட்டு சோனாப்பூருக்கோ வேற எங்கயோ போகாதீக. அந்த ஆபீசரு முன்னாடி நின்னு சொல்லிட்டு, அவுக போன்னு சொன்னா வீட்டுக்கு வாங்க. நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல என்றாளே, அங்கேதான் உடைந்து போனேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். எட்டு வருடம் முன்பு பதினோரு நாளும் கிளைச் சிறை வாசலில் சாப்பாட்டோடு வந்து நின்றவள் அவள். அன்றைக்கும் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாசர் இக்காவைக் கூப்பிட்டு, புதன்கிழமை நானே செக்யூரிட்டி ஆபீஸுக்கு வந்து சொல்லிவிடுகிறேன் என்றேன். ரூமுக்கு வந்து கால் கழுவிவிட்டு அலமாரிக் கதவைத் திறந்தேன். இந்த முறை வேலையைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. "கருப்பா, நான் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. புதன்கிழமை அந்த ஆபீஸில் என் நாக்குக் குழறாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்" என்று கும்பிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த விபூதியை நாக்கில் போட்டுக்கொண்டேன். ராம்பிரசாத் பாய் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தன் இந்திதான் என்னைக் கவிழ்த்தது என்று அவருக்கு வருத்தம். "மேரா ஹிந்தி கதம், பாய்," என்றார். இனிமேல் யாருக்கும் இந்தி சொல்லித்தரப் போவதில்லையாம்.

புதன்கிழமை காலை நாசர் இக்கா கூட வந்தார். எனக்காகப் பேசுவார், அரபியும் நன்றாகத் தெரியும் என்று தெம்பாக இருந்தேன். செக்யூரிட்டி ஆபீஸ் வாசலில் அவரை நிறுத்திவிட்டார்கள். ஊர் முழுக்கப் பாஸ் எடுத்துக் கொடுக்கிற மனிதர், தன் அடையாள அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நீ உள்ளே ஏறிக்கோ, நான் வரும்" என்றார். பேப்பர் இரண்டையும் வாங்கிக்கொண்டு நான் தனியாக உள்ளே போனேன். கருப்பர் ஏன் அவரை வெளியே நிறுத்தினார் என்று பிறகுதான் புரிந்தது. அவர் பேசியிருந்தால் பாதியைத்தான் சொல்லியிருப்பார், ஏனென்றால் மீதியை நான் அவரிடமே சொல்லவில்லை.

அதிகாரி இந்த நாட்டுக்காரர். ஐம்பது வயது இருக்கும். பேப்பர்களை வாங்கினார், முதலில் ஃபாரத்தைப் படித்தார், பிறகு சர்டிபிகேட்டைப் படித்தார். பிறகு மறுபடி ஃபாரத்தைப் படித்தார். விரலால் அந்தக் கட்டத்தைத் தொட்டு, "கேஸ் மாஃபி?" என்றார்.

"நோ சார். கேஸ் ஃபீ," என்றேன். என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"ஃபீ?"

"ஃபீ சார். டூ கேஸ் ஃபீ. ஷராப் ஃபீ. ஹஷீஷ் ஃபீ. ஜெயில் ஃபீ." சாராயம், கஞ்சா, சிறை என்று எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் ஒன்றுவிடாமல் வைத்தேன். "பிஃபோர் ஃபீ. எயிட் இயர் மாஃபி."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு ஏன் ஃபாரத்தில் இப்படி என்று இந்தியில் கேட்டார். இவர்களில் பலருக்கு இந்தி நன்றாக வரும். ராம்பிரசாத் பாயின் வாக்கியத்தை இப்போது முழுசாகச் சொன்னேன். மாஃபி என்று நான் சொன்னது எது, அந்த ஆள் கேட்டது எது என்று சொன்னேன். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரிடம் அரபியில் சொல்ல, அவரும் சிரித்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, டைப் அடித்தவர் தப்பு என்று முடிந்துவிடும். ஆனால் கருப்பர் எனக்கு நாக்கைக் கொடுத்தது பாதிக் கதை சொல்வதற்கு இல்லை.

"சார்," என்றேன். "டைப்பிங் மேன் மிஸ்டேக். பட் ஐ ஸீ. நில், ஐ ஸீ. ஐ சைலண்ட். மேரா கல்தி." என் தப்பு என்று நெஞ்சில் கை வைத்தேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என்னையே பார்த்தார். பிறகு சர்டிபிகேட்டின் பின்பக்கம் அரபியில் நீளமாக என்னவோ எழுதினார். எழுதி முடித்துக் கையை நீட்டினார். கழுத்திலிருந்த பாஸைக் கழற்றிக் கொடுத்தேன். மேசை டிராயரில் போட்டு மூடினார். "கலாஸ். வெயிட் இன் கேம்ப்," என்றார். கலாஸ் என்றால் முடிந்தது.

வெளியே வந்தபோது கழுத்து வெறுமையாக இருந்தது. நாசர் இக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். நானும் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தத் தெம்பு இரண்டு நாள்தான் நின்றது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று வாரம் கேம்பில் சும்மா இருந்தேன். காலையில் பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகும். நான் கட்டிலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். இன்னொரு நாள் என் சூப்பர்வைசரை அழைத்து என்னைப் பற்றி விசாரித்தார்களாம். எனக்குக் கோபம்கூட வந்தது. உண்மையைச் சொன்னவனுக்கு இதுதானா கூலி என்று ஒருநாள் அலமாரிக் கதவைத் திறக்கவே இல்லை. மறுநாள் திறந்து மன்னிப்புக் கேட்டேன். சாமியோடு கோபித்துக்கொண்டு எங்கே போவது?

பெரிய கார்த்திகை கழிந்த வாரம் கூப்பிட்டார்கள். இந்த முறை நாசர் இக்கா அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். அதே அதிகாரி. அவர் மேசையில் ஒரு கத்தைக் காகிதம் இருந்தது. ஆறு வருடமாகக் கேட்டில் நான் ஊதிய ஊதல்களின் பட்டியல் அது. அவர் சொன்னதை நாசர் இக்கா எனக்குத் தமிழில் சொன்னார். பழைய கேஸ் பழையது. ஆறு வருடமும் சுத்தம். ரத்தப் பரிசோதனையும் சுத்தம். ஃபாரம் திருத்தி எழுதப்பட்டுவிட்டது. ஆனால் இரண்டு வருடத்துக்குத் தருகிற பாஸ் எனக்கு ஆறு மாதத்துக்குத்தான். ஒவ்வொரு முறையும் பரிசோதனை உண்டு. சம்மதமா?

"சம்மதம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

பாஸை நீட்டும்போது அதிகாரி ஒன்று கேட்டார். மற்ற எல்லாமே பேப்பரில் இருந்தது, நீ பார்த்தும் பேசாமல் இருந்தது எந்தப் பேப்பரிலும் இல்லையே, அதை ஏன் சொன்னாய் என்று. எங்கள் ஊர்ச் சாமி பொய்யைப் பொறுக்காது என்று சொல்லத்தான் நினைத்தேன். அவ்வளவு அரபிக்கு நான் எங்கே போவேன்? "மை காட் ஸீ, சார்," என்றேன். அவர் தலையை ஆட்டினார். "யல்லா, டூட்டி," என்று என்னை வேலைக்குக் கிளப்பினார்.

வாசலுக்கு வெளியே வந்து தரையில் விழுந்து கும்பிட்டேன். வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை. நாசர் இக்கா, "எழுந்திருடா, கேமரா இருக்கு" என்று இழுத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மீனாளுக்குப் போன் போட்டுப் பாஸ் கிடைத்துவிட்டது என்றேன். அவள் அழுதாள். கேஸ் நடந்த காலத்திலெல்லாம் அழாதவள். அழுது முடித்துவிட்டு, "சாப்புட்டீகளா?" என்று கேட்டாள்.

அதன்பின் பாஸ் இரண்டு முறை புதுப்பித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் பரிசோதனைக்கு நானே முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். முன்பெல்லாம் யாராவது ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் நழுவுவேன், அந்தக் கேஸ் கதை வந்துவிடுமோ என்று. இப்போது என் கோஷ்டி எட்டுப் பேருக்கும் தெரியும். சொன்ன பிறகு அவர்கள் என்னை மதிப்பது குறையவில்லை. அதில் இரண்டு பேர் குடியை விட்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரு வாரம் விட்டுவிட்டு மறுபடி தொட்டார், மறுபடி விட்டிருக்கிறார். அவரை நான் கேலி செய்வதில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சித்திரையில் லீவுக்கு வந்தேன். பொங்கல் வைத்து, கருப்பருக்குக் கிடா வெட்டி, உங்களில் பலரோடு உட்கார்ந்து சாப்பிட்டேனே, அதற்குக் காரணம் இதுதான். கும்பிட்டுவிட்டு வரும்போது என் மகள் கயலைத் தனியாகக் கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. நான் ஜெயிலில் இருந்தபோது அவள் ஐந்து வயதுக் குழந்தை, அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தோம். யார் யார் முன்னாலோ சொல்லியாயிற்று, பெற்ற பிள்ளையிடம் மட்டும் இன்னும் பொய் இருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்கு ரெண்டாங்கிளாஸ்லயே தெரியும்ப்பா. ஸ்கூல்ல சொன்னாங்க. நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்," என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  பாஸ் கிடைத்த அன்று வந்ததைவிடப் பெரிய அழுகை அன்றுதான் வந்தது.

இதை வாசிக்கிற பங்காளிகளில், எங்கள் மாதிரி கடல் தாண்டி இருப்பவர்களில், என்னைப்போல எதையாவது மூடி வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். நான் படித்தவன் இல்லை, உபதேசம் சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் என்னைப்போலப் பாஸ் திரும்பக் கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன், அது கருப்பர் கையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மறைத்துக்கொடு என்று கேட்டபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாக்கைக் கொடு என்று கேட்டபோது கேட்ட நிமிஷத்தில் கொடுத்தார். நீங்களும் அவரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லிவிடுங்கள். பயமாகத்தான் இருக்கும். பயத்தோடேயே போங்கள். நம் கருப்பர் காவல் தெய்வம், நமக்குப் பின்னால் வருகிறவர் இல்லை. நீங்கள் போய்ச் சேருமுன் அவர் அந்த வாசலில் நிற்பார்.